தரை டிக்கெட்டைக் கண்டு பயப்படும் கத்தரிக்கோல்

(அவலூர்பேட்டையில் விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



களையெடுத்துவிட்டு, காலைக் கழுவியும் கழுவாமலும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். மல்லாட்டை மில்லிலும் அரிசி மில்லிலும் பகல் ஷிப்டு முடித்தவர்கள் தலையில் தவிட்டோடு வந்திருக்கிறீர்கள். இந்த நேரத்தில் ஒருவன் சினிமாவைப் பற்றிப் பேச எழுந்து நின்றால், "கூலியைப் பேசுவதை விட்டுவிட்டு இவன் என்ன சினிமாப் பேச்சு பேசுகிறான்?" என்று நீங்கள் நினைப்பதில் தப்பில்லை. கூலியைப் பற்றியும்தான் பேசப் போகிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

இங்கே வருமுன் டீக்கடையில் அரிசி ஆலைத் தோழர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "தோழர், நீங்கள் இன்றைக்குச் சென்சாரைத் திட்டப் போகிறீர்களாமே! சென்சார் இல்லாவிட்டால் இந்தப் பட முதலாளிகள் எதைத்தான் காட்டமாட்டார்கள்? வயசுக்கு வந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீட்டில் டி.வி. பெட்டியைத் திறக்க முடியவில்லை. இன்னொரு பக்கம் சாதிப் பெருமை பேசி அரிவாளைத் தூக்குகிற படம். இதையெல்லாம் வெட்ட ஒரு கத்தரிக்கோல் வேண்டாமா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அந்தத் தோழர் அதோ தூணோரம் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பேச்சு முழுவதும். ஆனால் நேராகச் சொல்லப் போவதில்லை. மூன்று கதைகள் சொல்லிவிட்டு அங்கே வருகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். உங்கள் பக்கம் கூத்து விளைகிற மண். திரௌபதி அம்மன் திருவிழா வந்தால் பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து, கடைசியில் படுகளம். சபை நடுவில் துச்சாதனன் திரௌபதையின் சேலையைத் தொடுகிறான். கிழவியும் பார்க்கிறாள், குமரியும் பார்க்கிறாள், கைக்குழந்தையும் பார்க்கிறது. ஆபாசம் என்று சொல்லி யாராவது பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போகிறார்களா? இல்லை. துச்சாதன வேஷம் கட்டியவனை அடிக்கக் கிளம்புகிறவர்கள் உண்டு. எழுந்து போகிறவர்கள் இல்லை. அநியாயத்தைக் காட்டுவது ஒன்று, அநியாயத்தில் ருசி காண்பது இன்னொன்று என்பது இந்த ஜனங்களுக்குத் தெரியும். யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதை நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கதை, 'தியாக பூமி'.

கல்கி கிருஷ்ணமூர்த்தி 'ஆனந்த விகட'னில் 1938-39-ல் எழுதிய தொடர்கதை அது. கதை பத்திரிகையில் வந்துகொண்டிருக்கும்போதே இயக்குநர் கே. சுப்பிரமணியம் அதைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். தொடர்கதை என்றால் ஓவியர் சித்திரம் போடுவது வழக்கம். இந்தக் கதைக்கோ படத்தில் நடித்தவர்களின் போட்டோக்களையே போட்டார்கள். நாவலும் படமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒன்றாக வளர்ந்தன.

கதை என்ன? நெடுங்கரை என்று ஒரு கிராமம். அங்கே சம்பு சாஸ்திரி என்று பக்திமான் ஒருவர். படத்தில் பாபநாசம் சிவன் அந்த வேஷம் கட்டினார். புயலும் வெள்ளமும் வந்து சேரி ஜனங்கள் குடிசையிழந்து நிற்கும்போது, அக்கிரகாரத்திலுள்ள தம் வீட்டில் அவர்களுக்கு இடம் கொடுக்கிறார். அவ்வளவுதான் செய்த குற்றம். ஊரார் அவரைத் தள்ளி வைக்கிறார்கள். அவருடைய மகள் சாவித்திரி. மாப்பிள்ளை ஸ்ரீதரன் மேல்நாட்டு மோகம் பிடித்தவன். அவளை அடித்து விரட்டாத குறையாக விரட்டுகிறான். அவள் கைக்குழந்தையை அப்பனிடம் விட்டுவிட்டு எங்கோ போய், பின்னால் பெரும் பணக்காரியாகத் திரும்புகிறாள். பணம் வந்ததும் புருஷனுக்குப் பாசம் வந்துவிடுகிறது! தன்னோடு வாழ வரவேண்டும் என்று கோர்ட்டில் வழக்குப் போடுகிறான். சாவித்திரி என்ன செய்தாள்? வரமாட்டேன் என்றாள். ஜீவனாம்சம் வேண்டுமானால் தானே அவனுக்குக் கொடுக்கத் தயார் என்றாள். பிறகு தேச சேவைக்குப் போய்விட்டாள்.

இது 1939, தோழர்களே. இந்துப் பெண்ணுக்கு விவாகரத்து உரிமை நாடு முழுவதற்கும் சட்டமாக வந்தது 1955-ல். அதற்குப் பதினாறு வருஷம் முந்தி ஒரு பெண் கோர்ட்டில் நின்று கணவனுக்கு ஜீவனாம்சம் தருகிறேன் என்று சொன்னால் சனாதனிகள் வயிறு எரியாதா? வைதிகர்கள் சீறினார்கள். சுப்பிரமணியம் அதற்கெல்லாம் அஞ்சுகிறவர் அல்ல. முன்னமே 'பால யோகினி'யில் விதவையின் துயரத்தைக் காட்டியவர். 1938-ல் பிரேம்சந்தின் நாவலை 'சேவாசதனம்' என்று படமாக்கி, கிழவனுக்குக் கட்டிவைக்கப்பட்ட பெண்ணின் கதையைச் சொன்னவர். எம்.எஸ். சுப்புலட்சுமி சினிமாவுக்கு வந்தது அந்தப் படத்தில்தான்.

'தியாக பூமி' 1939 மே மாதம் வெளிவந்தது. படத்தில் காந்தியைக் காட்டினார்கள், ராட்டையைக் காட்டினார்கள், தேச சேவைக்கு அழைக்கிற பாட்டு வைத்தார்கள். டி.கே. பட்டம்மாள் பாடினார். அன்றைக்குச் சென்னையில் காங்கிரஸ் மந்திரிசபை. தணிக்கை தடையில்லாமல் விட்டது. ஜனங்கள் மாதக்கணக்கில் வந்து பார்த்தார்கள்.

செப்டம்பரில் யுத்தம் வந்தது. அக்டோபரில் மந்திரிசபை ராஜினாமா செய்தது. கவர்னர் ஆட்சி வந்தது. படத்துக்குத் தடையும் வந்தது! உத்தரவு வருகிறது என்று தெரிந்ததும் சென்னை கெயிட்டி தியேட்டரில் காசு வாங்காமல் படத்தை ஓட்டினார்கள் என்றும், கூட்டம் தெருவை அடைத்துவிட்டது என்றும், போலீஸ் தடியடி நடத்திக் கலைத்தது என்றும் அந்தக் கால வரலாறு சொல்லுகிறது.

இங்கே நிறுத்திக் கொஞ்சம் யோசியுங்கள். மே மாதம் பார்த்த படமும் தடை செய்த படமும் ஒரே படம். ஒரு அடி பிலிம் கூடவில்லை, ஒரு அடி குறையவில்லை. மாறியது நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆள் மட்டும்தான். அப்படியானால் படத்தின் நல்லது கெட்டதுக்கும் தடைக்கும் என்ன சம்பந்தம்?

இன்னொன்றையும் பாருங்கள். விகடன் இதழ்கள் வீட்டு அலமாரிகளில் பத்திரமாக இருந்தன. சாவித்திரி அங்கேயும் அதே கோர்ட்டில் அதே வார்த்தைதான் சொன்னாள். வீடு வீடாகப் போய் எந்தப் போலீஸ்காரரும் அதைப் பிடுங்கவில்லை. ஏன்? 1931 ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. அந்தப் பத்துப் பேர் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு தனியாகப் படிக்கிறதில் சர்க்காருக்குப் பெரிய அச்சமில்லை. மற்றத் தொண்ணூறு பேர் நாலணாவோ இரண்டணாவோ கொடுத்து, மணலைக் குவித்துத் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு, ஒன்றாகச் சிரித்து, ஒன்றாக அழுது, ஒன்றாகக் கைதட்டுகிறார்களே, அங்கேதான் பயம். கத்தரிக்கோலுக்குக் கதையைக் கண்டு பயமில்லை. உங்களைக் கண்டு பயம்!

ஆலைத் தோழர்களுக்கு இரண்டாவது கதை. சின்னது; ஆனால் உங்களுடையது.

பிரேம்சந்த் பேரைச் சொன்னேனே, அவர் 1934-ல் பம்பாய்க்குப் போனார். மோகன் பவ்னானி என்ற இயக்குநருக்கு 'மில்' என்று ஒரு படக்கதை எழுதிக் கொடுத்தார். 'மஜ்தூர்', அதாவது தொழிலாளி, என்றும் அதற்குப் பெயர். மில் முதலாளியின் ஊதாரி மகன், நியாயம் தெரிந்த மகள், தொழிலாளர் வேலை நிறுத்தம் – இதுதான் கதை. பம்பாயில் தடை செய்துவிட்டார்கள். காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். தணிக்கைக் குழுவிலேயே மில் முதலாளிகள் சங்கத்தின் பெரிய மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்! ஆட்டைப் பற்றிய படத்தை ஓநாயிடம் கொடுத்து, ஓடலாமா கூடாதா என்று கேட்டால் என்ன சொல்லும்?

இதில் சிரிப்பு என்னவென்றால், படம் வடக்கே வேறு ஊர்களில் ஓடிற்றாம். பிரேம்சந்துக்குக் காசியில் சொந்த அச்சகம் ஒன்று உண்டு. அங்கே சம்பளப் பாக்கி. அவர் எழுதிய படத்தின் வேகத்திலேயே அவருடைய அச்சகத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள் என்று சொல்வார்கள். எழுத்தாளர் நல்லவர்தான், தோழர்களே. ஆனால் சம்பளப் பாக்கி சம்பளப் பாக்கிதான்.

வெள்ளைக்காரன் போனான். போகும்போது கத்தரிக்கோலை மேஜைமேலேயே வைத்துவிட்டுப் போனான். நம் ஆட்கள் அதை எடுத்துச் சாணை பிடித்து, 1952-ல் புதுச் சட்டம் எழுதி வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு நீங்கள் ஒரு நாவல் எழுதினால் முன்கூட்டி யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. அச்சடிக்கலாம், விற்கலாம், தப்பிருந்தால் பிறகு வழக்கு வரும். அதே நாவலைப் படமாக எடுத்தால் சர்டிபிகேட் வாங்காமல் ஒரு கொட்டகையிலும் ஓட்ட முடியாது. கே.ஏ. அப்பாஸ் இதைக் கேட்டு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். நாலு நகரங்களில் மாளிகையையும் சேரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய சின்னப் படம் அவருடையது. கோர்ட்டு 1970-ல் என்ன சொல்லிற்று? மற்றக் கலைகளைவிடச் சினிமா மனசை அதிகமாகக் கிளறிவிடும், ஆகவே அதை வேறு மாதிரி நடத்தலாம் என்றது. தணிக்கையில் கலைக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்று சேர்த்துச் சொன்னது உண்மை. ஆனாலும் கத்தரிக்கோல் நிலைத்துவிட்டது. தணிக்கையை எதிர்த்து அப்பீல் செய்ய ஒரு டிரிப்யூனல் இருந்தது. 2021-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது ஹைகோர்ட்டுதான். வக்கீல் பீஸ் கட்ட வழியுள்ள முதலாளி போவான். கடன் வாங்கி நாவலைப் படமெடுத்த பையன் எங்கே போவான்? சொன்ன இடத்தில் வெட்டிக் கொடுத்துவிட்டு வருவான்.

இனி மூன்றாவது கதை. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

1968 டிசம்பர் 25. கீழத் தஞ்சையில் கீழவெண்மணி. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூலி நெல் அரைப்படி கூடக் கேட்டார்கள். செங்கொடியை இறக்கமாட்டோம் என்றார்கள். ஒரு குடிசைக்குள் ஓடி ஒளிந்தவர்களை வெளியில் பூட்டித் தீ வைத்தார்கள். 44 உயிர். பெண்களும் குழந்தைகளும்தான் பெரும்பாலோர். கீழ்க் கோர்ட்டு மிராசுதார்களைத் தண்டித்தது. ஹைகோர்ட்டு 1973-ல் விடுதலை செய்தது. கார் வைத்திருக்கிற பணக்காரர்கள் நடந்து போய்த் தாங்களே தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம்!

இதை வைத்து இந்திரா பார்த்தசாரதி 1975-ல் 'குருதிப்புனல்' என்று நாவல் எழுதினார். 1977-ல் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. கூடவே பெரிய சண்டையும் கிளம்பியது. சண்டை ஏன்? நாவலில் வரும் பண்ணையார் கண்ணையா நாயுடு ஆண்மைக் குறைவுள்ளவர். அந்தப் புழுக்கம்தான் அவருடைய கொடுமைக்கு ஊற்று என்பது போல ஆசிரியர் கதையைக் கொண்டுபோகிறார். நம் பக்கத்து விமர்சகர்கள் கொதித்தார்கள். அரைப்படி நெல்லுக்காக நடந்த வர்க்கப் போரை ஒரு தனி மனிதனின் படுக்கையறை வியாதியாகச் சுருக்கிவிட்டாரே என்றார்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆரோக்கியமான மிராசுதார் என்ன, கூலியைக் கூட்டிக் கொடுத்தாரா? சாணிப்பாலும் சவுக்கடியும் கொடுத்தவர்களெல்லாம் வியாதிக்காரர்களா?

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம்மவர்கள் அந்த நாவலைப் படித்தார்கள், மறுத்து எழுதினார்கள், மேடையில் கிழித்தார்கள். வாதம் நடந்தது. வெண்மணியைக் கேள்விப்படாத பட்டணத்து வாசகன்கூட அந்தச் சண்டையால் வெண்மணியைப் படித்தான். புத்தகத்துக்கு இந்தப் பாக்கியம் உண்டு. அது நம்மோடு சண்டை போட முடியும். நாமும் அதோடு சண்டை போட முடியும்.

படத்துக்கு என்ன ஆயிற்று? ஸ்ரீதர் ராஜன் என்ற இளைஞர் இந்த நாவலை எடுத்துக்கொண்டு 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' என்று படம் செய்தார். 1983-ல் வெளிவந்தது. இயக்குநரின் முதல் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. இளையராஜா இசையில் வைரமுத்து எழுதி ஜேசுதாஸ் பாடிய 'மனிதா மனிதா' பாட்டை நம் மேடைகளில் நீங்கள் எத்தனை தரம் கேட்டிருப்பீர்கள்!

பாட்டைக் கேட்டவர்கள் கை தூக்குங்கள். (ஏராளமான கைகள்.) சரி. படத்தைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். (இரண்டு கைகள்.)

இரண்டு பேர். விவசாயத் தொழிலாளியைப் பற்றிய படம். விவசாயத் தொழிலாளர் நிறைந்த கூட்டத்தில் இரண்டு பேர்.

இன்னொன்று கேட்கிறேன். 'குருதிப்புனல்' என்று கமலஹாசன் படம் ஒன்று 1995-ல் வந்ததே, பார்த்தவர்கள்? (சிரிப்பு. பல கைகள்.) பாருங்கள்! அது இந்த நாவல் அல்ல. வடக்கே கோவிந்த் நிஹலானி எடுத்த 'துரோகால்' படத்தைத் தமிழில் எடுத்தது. போலீஸ் அதிகாரிகள் கதாநாயகர்கள், ஆயுதமேந்தியவர்கள் எதிரிகள். அது கெட்டிக்காரத்தனமாக எடுத்த படந்தான், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பண்ணையாள் எரிந்த கதையின் பெயர் போலீஸ் கதைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பண்ணையாளின் கதையோ யாரும் பார்க்காத கதையாகிவிட்டது. இந்த வேலையைச் சென்சார் அதிகாரி செய்யவில்லை, தோழர்களே. கொட்டகைக்காரன், விநியோகஸ்தன், வட்டிக்காரன் – அவர்கள் கையில் இருப்பது இன்னொரு கத்தரிக்கோல். அது பிலிமை வெட்டாது. படத்தையும் உங்களையும் வெட்டிப் பிரிக்கும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அதைப் படமெடுக்கிறவன் தன் தலைக்குள்ளேயே வைத்திருக்கிறான். நாவலைத் திரைக்கதையாக மாற்ற உட்காரும்போதே அது வேலை செய்ய ஆரம்பித்துவிடும். ஊர்ப் பெயர் நிஜமாக இருக்கலாமா? வேண்டாம், மாற்று. பண்ணையாரின் சாதி? அழி. கொடியின் நிறம்? தூரத்தில் காட்டு. தீயில் எத்தனை பேர்? எண்ணிக்கை வேண்டாம். போலீஸ் ஏன் பிந்தி வந்தது? அந்தக் கேள்வியே வேண்டாம். இப்படி அவனே வெட்டிவிட்டு, அதிகாரியிடம் கொண்டு போகும்போது வெட்ட ஒன்றும் மிச்சமிருக்காது. பிறகு முதல் காட்சிக்கு முன்னால் ஒரு அட்டை வழக்கமாகப் போடுகிறார்களே – கதையில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே என்று – அதைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. வெண்மணியில் செத்த 44 பேர் கற்பனையா?

எல்லா இடத்திலும் இப்படித்தான் நடந்தது என்று சொல்லிவிட்டால் அதுவும் பொய். பீஷ்ம சஹானியின் 'தமஸ்' என்ற இந்தி நாவல் தேசப் பிரிவினைக் கலவரத்தைப் பற்றியது. கலவரத்தை யார் மூட்டுகிறார்கள், யார் சாகிறார்கள் என்று பெயர் மறைக்காமல் சொன்ன நாவல். அதை அதே நிஹலானி டெலிவிஷனுக்குப் படமாக்கினார். 1988 ஜனவரியில் தூர்தர்ஷன் காட்ட ஆரம்பித்ததும், இதைக் காட்டினால் மறுபடி கலவரம் வரும், நிறுத்து என்று கோர்ட்டுக்குப் போனார்கள். பம்பாய் ஹைகோர்ட்டு நீதிபதிகள் முதலில் படத்தைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, காட்டலாம் என்றார்கள். சுப்ரீம் கோர்ட்டும் தடை விதிக்க மறுத்தது. கோழை மனசுக்காரன் என்ன நினைப்பான் என்று பார்க்கக்கூடாது, சாதாரண அறிவும் திடமும் உள்ள மனிதன் எப்படி எடுத்துக்கொள்வான் என்றுதான் பார்க்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நான் முதலில் சொன்ன கூத்துப் பார்க்கிற ஜனங்களை நினைத்துக்கொள்ளுங்கள். கோர்ட்டு சொன்ன அந்தத் திடமான மனிதன் நீங்கள்தான். நாடு முழுதும் 'தமஸை' வீட்டில் உட்கார்ந்து பார்த்தது.

இப்போது தூணோரம் இருக்கிற தோழருக்கு வருகிறேன்.

அண்ணே, பிள்ளைகளுக்கு எது ஆகும் எது ஆகாது என்று வயசு போட்டுச் சொல்வது ஒரு காரியம். 2023-ல் திருத்திய சட்டத்தில் ஏழு, பதிமூன்று, பதினாறு வயது என்று பிரித்திருக்கிறார்கள். பாட்டிலின்மேல் விஷம் என்று ஒட்டுகிற மாதிரி அது. அதற்கு நான் விரோதி அல்ல. ஆனால் வயசு வந்த ஒரு தொழிலாளி எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக்கூடாது என்று பூட்டிய அறையில் நாலு பேர் முடிவு செய்வது வேறு காரியம். நீங்கள் ஆபாசத்தை வெட்டத்தான் கத்தரிக்கோலைக் கொடுத்தீர்கள். அது எதை வெட்டுகிறது? உங்கள் வீட்டு டி.வி.யில் வருகிற அந்த ஆட்டம் சர்டிபிகேட் வாங்கி வந்த ஆட்டம்தானே? அரிவாள் தூக்குகிற சாதிப் படமும் சர்டிபிகேட் வாங்கித்தானே வந்தது? அவர்கள் எல்லாம் நல்லபிள்ளையாக வெளியே வந்துவிட்டார்கள். மாட்டிக்கொண்டது சாவித்திரி. மாட்டிக்கொண்டது பம்பாய் மில் தொழிலாளி.

அப்படியானால் சாதி வெறிப் படத்தைச் சும்மா விடுவதா? விடவேண்டாம். அதைப் பார்த்துவிட்டு வந்து இதே இடத்தில் கூட்டம் போடுவோம். இன்ன காட்சி பொய் என்று பிட்டுப் பிட்டு வைப்போம். நம் பையன்கள் அதற்குக் கைதட்டியிருந்தால் ஏன் தட்டினாய் என்று கேட்போம். அடி, குத்து என்று நேராகத் தூண்டுகிறவன் மேல் வழக்குப் போடச் சட்டம் இருக்கிறது. எல்லாரும் பார்க்கத் திறந்த கோர்ட்டில் அது நடக்கட்டும். கஷ்டமான வழிதான். 'குருதிப்புனல்' நாவலோடு நாம் செய்த சண்டை மாதிரியான வழி. நமக்குப் பிடிக்காத அந்த நாவலையும் ஒருவன் தடை செய்யச் சொன்னால், நான் நாவலின் பக்கம்தான் நிற்பேன். ஏனென்றால் இன்றைக்கு அதற்கு விழுகிற பூட்டுச் சாவி நாளைக்கு என் கையில் இருக்காது. மிராசுதார் கையில் இருக்கும்.

'தியாக பூமி' வெகுகாலம் காணாமல் போயிருந்தது. பிறகு ஒரு பிரதி கிடைத்து, புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதை இங்கே கொண்டுவர நமக்கு வசதியில்லை. ஆனால் 'குருதிப்புனல்' புத்தகம் இதோ என் கையில் இருக்கிறது. அடுத்த கூட்டத்திலிருந்து இரண்டு இரண்டு அத்தியாயமாக வாய்விட்டு வாசிக்கப் போகிறோம். நடவு நேரம் ஆகையால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தோழர்கள் சொல்லுகிறார்கள். எழுத்துத் தெரிந்த பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள், அவர்கள் வாசிக்கட்டும். கோபம் வருகிற இடத்தில் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். புத்தகம் முடிந்ததும் படத்தைப் போடுவோம். வெள்ளைத்துணி ஒருவர் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார், பெட்டி வாடகைக்குத்தான் இன்னும் முந்நூறு ரூபாய் குறைகிறது. வெளியே போகும்போது துண்டை ஏந்திக்கொண்டு ஒரு தோழர் நிற்பார்.